ஹக் நாளில் எது செய்யலாம், எது கூடாது? யூத வீடுகளில் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்பவை

எருசலேமில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இதுவரை பார்த்த மூன்று வீடுகளும் மதக் கட்டளைகளை விடாமல் கடைப்பிடிப்பவை. செப்டம்பர் பிறந்தால் போதும், புதிதாக வேலைக்கு வந்த நம் பிள்ளைகள் போன் செய்து ஒரே சந்தேகங்களை மாற்றி மாற்றிக் கேட்பார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன்.

நான் ரபி (யூத மத குரு) இல்லை. வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும், சந்தேகம் வந்தால் வீட்டுக்காரரிடமே கேளுங்கள். ஹக் என்றால் எபிரேயத்தில் பண்டிகை. சட்டம் பேசும்போது அதையே யோம் தோவ் என்பார்கள். நாம் ‘நல்ல நாள் பெரிய நாள்’ என்கிறோமே, அந்த ‘நல்ல நாள்’தான் அதற்கும் நேர்ப் பொருள்.

"ஷபாத் அன்னைக்கு அடுப்புப் பக்கமே போகாத பாட்டி, ஹக் அன்னைக்கு நின்னு சமைக்கிறாங்களே, அது எப்படி அக்கா?"

வாராந்தர ஓய்வு நாளான ஷபாத்தில் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை) விலக்க வேண்டிய வேலைகள் 39. ‘நாற்பதில் ஒன்று குறைவு’ என்று பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. விதைப்பது, அறுப்பது, மாவு பிசைவது, சுடுவது, எழுதுவது, நெருப்பு மூட்டுவது, அணைப்பது, வீட்டிலிருந்து தெருவுக்குப் பொருளைக் கொண்டுபோவது எல்லாம் அதில் அடக்கம். பண்டிகைக்கும் இதே பட்டியல்தான். ஆனால் யாத்திராகமம் 12:16 ஒரு விலக்குத் தருகிறது: அன்று வேலை கூடாது, அவரவர் சாப்பிடத் தேவையானதை மட்டும் செய்துகொள்ளலாம். அதனால்தான் பிசைவதும் சமைப்பதும் சுடுவதும் ஹக்கில் உண்டு.

சாப்பாட்டுக்காக நெருப்புக்கும் சுமந்து செல்வதற்கும் அனுமதி வந்துவிட்டதால், அன்றைய நாளின் மற்ற நியாயமான தேவைக்கும் அவற்றைச் செய்யலாம் என்று ரபிகள் விரித்துச் சொன்னார்கள். ஷபாத்தில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருவில் கொண்டுபோக ஊரைச் சுற்றி ஏரூவ் கம்பி (ஊரையே ஒரே வீட்டு எல்லையாகக் கருதவைக்கும் கம்பி) வேண்டும். ஹக்குக்கு அது தேவையில்லை. பண்டிகை ஷபாத்திலேயே வந்துவிட்டால் ஷபாத்தின் சட்டம்தான் மேலே நிற்கும், அன்று சமையல் கிடையாது.

"எல்லாப் பண்டிகையும் இப்படித்தானா? வருஷத்துல எத்தனை நாள்?"

இஸ்ரேலுக்குள் ஏழு நாட்கள். பெசாஹ் எனும் பாஸ்காவின் முதல் நாளும் ஏழாம் நாளும், வாரங்களின் பண்டிகையான ஷாவுவோத் ஒரு நாள், புத்தாண்டான ரோஷ் ஹஷானா இரண்டு நாள், சுக்கோத் எனும் கூடாரப் பண்டிகையின் முதல் நாள், அதன் முடிவில் வரும் ஷெமினி அத்செரெத். வெளிநாட்டில் இதுவே 12 நாட்களாகிவிடும், காரணத்தைக் கீழே சொல்கிறேன். பாவநிவாரண நோன்பு நாளான யோம் கிப்பூர் இந்தக் கணக்கில் சேராது, அது தனி ரகம். சிறு பண்டிகைகளான ஹனுக்கா, பூரிம் நாட்களில் வேலைத் தடை சட்டமாக இல்லை. ஹனுக்கா விளக்கு எரியும் அரை மணி நேரம் பெண்கள் வீட்டு வேலையை நிறுத்தி உட்காருவது வழக்கம். பூரிம் பகலில் அவசியமில்லாத வேலையைத் தள்ளிப் போடுவார்கள்.

"அடுப்பு எரியலாம்னா தீக்குச்சி கிழிச்சா என்ன? நான் கிழிக்கப் போனதுக்குப் பாட்டி பதறிட்டாங்க."

இருக்கிற நெருப்பிலிருந்து நெருப்பை எடுக்கலாம், இல்லாத நெருப்பைப் புதிதாக உண்டாக்கக் கூடாது. தீக்குச்சியோ லைட்டரோ கிழித்தால் புது நெருப்பு பிறக்கிறது. பட்டனை அழுத்திப் பொறி வரவைக்கும் கேஸ் அடுப்பும் அப்படித்தான். அதனால்தான் பண்டிகைக்கு முன்பே கண்ணாடிக் குவளையில் ஒரு பெரிய மெழுகுவிளக்கை ஏற்றிச் சமையலறை மூலையில் வைத்துவிடுகிறார்கள். 24 மணி நேரம் எரிவதும் 48 மணி நேரம் எரிவதும் கடையில் கிடைக்கும். அதில் ஒரு குச்சியைக் காட்டி, அந்தத் தீயைக் கொண்டுபோய் பர்னரில் வைப்பார்கள்.

அந்தக் குச்சியை ஊதி அணைக்க மாட்டார்கள், கவனித்திருப்பீர்கள். நான் இருந்த வீட்டுச் சவ்தா (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) எரியும் குச்சியை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துவிட்டு, அது தானாகக் கருகி அடங்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். அணைப்பதும் அந்த 39-இல் ஒன்று. மெழுகுவத்தி ஆடினால் அடியை உருக்கி ஒட்டவைக்கவும் கூடாது, மெழுகைத் தேய்த்து வழிப்பதும் தடுத்த வேலை.

"அப்போ அடுப்பை எப்படி நிறுத்துறது? குழம்பு அடிப்பிடிச்சா?"

அவர்கள் கையால் நிறுத்த மாட்டார்கள், தீயைக் குறைக்கவும் தயங்குவார்கள். குறைப்பதும் ஓரளவு அணைப்பதுதானே. பக்கத்துப் பர்னரைச் சிறு தீயாக ஏற்றிப் பாத்திரத்தை அங்கே மாற்றுவது பழகிய வழி. குறிப்பிட்ட நேரத்தில் கேஸ் தானாக நின்றுவிடும் கருவியைக் குழாயில் பொருத்தியிருக்கும் வீடுகளும் உண்டு. ‘போய் அணைத்துவிட்டு வா’ என்று உங்களிடம் நேராகச் சொல்ல மாட்டார்கள், அது ஏன் என்பது பிறகு வருகிறது. வாயு கசிந்தாலோ துணியில் தீப்பிடித்தாலோ யாரிடமும் கேட்டு நிற்காதீர்கள், உடனே அணையுங்கள்.

"காய் நறுக்குறாங்க, மாவு பிசையுறாங்க. ஆனா மாவைச் சலிக்க விடல, கப்பால அளக்கவும் விடல. சாப்பாட்டுக்குத்தானே?"

சாப்பாட்டுக்கு என்றாலும், முந்தைய நாளே செய்து வைத்தால் ருசி கெடாத வேலையை அன்றைக்கு ஒத்திப்போடக் கூடாது என்பது ஒரு விதி. மாவு சலிப்பது அந்த வகை. அறுவடை, அரைப்பு, சலிப்பு எல்லாம் மொத்தமாகச் செய்து சேர்த்து வைக்கும் வேலைகள். பண்டிகை நாள் களமாகவோ சந்தையாகவோ மாறிவிடக் கூடாது.

அளப்பதும் எடை போடுவதும் சந்தையின் அடையாளம். அதனால் மாவைக் கண்ணளவாக அள்ளிப் போடுவார்கள், நம் அம்மாக்கள் கைப்பிடிக் கணக்கில் போடுவதுபோல. மசாலா கூடிக் குறைந்தால் உணவே கெட்டுவிடும் என்பதால் அதற்கு மட்டும் சலுகை உண்டு. பண்டிகைச் சட்டங்களுக்கென்றே மிஷ்னாவில் ஒரு பகுதி இருக்கிறது, பெயர் பேட்சா, அதாவது ‘முட்டை’. பயறு பொறுக்குவதைப் பற்றிகூட அதில் பேச்சு வருகிறது. ஹில்லேல் என்ற பழைய ஆசானின் வழியினர், மடியிலோ கூடையிலோ தட்டிலோ வைத்து வழக்கம்போலப் பொறுக்கலாம், பலகையிலும் சல்லடையிலும் கூடாது என்கிறார்கள். முறத்தில் போட்டுப் புடைத்தால் அதுவும் இந்தத் தடைக்குள்தான் வரும், அரிசியை முந்தைய நாளே புடைத்து வையுங்கள்.

"முட்டைனு ஏன் பேர் வச்சாங்க?"

அந்தப் பகுதியின் முதல் சொல்லே அதுதான். பண்டிகை அன்று கோழி இட்ட முட்டையை அன்றே சாப்பிடலாமா என்று இரண்டு பள்ளிகள் வாதாடுகின்றன. ஷம்மாய் வழியினர் சாப்பிடலாம் என்கிறார்கள், ஹில்லேல் வழியினர் கூடாது என்கிறார்கள். ஹில்லேல் வழிதான் சட்டமாக நிலைத்தது.

மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூத் நூல் தரும் விளக்கங்களில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்று இடும் முட்டை நேற்றே கோழிக்குள் முழுமையாகிவிட்டது. நேற்று ஷபாத், இன்று ஹக் என்றால், ஷபாத்தே ஹக்குக்காக முட்டையைத் தயார் செய்து கொடுத்தது போலாகும். ஒரு புனித நாள் இன்னொன்றுக்கு வேலைக்காரியாக இருக்கக் கூடாது. அப்படி ஒட்டி வராத பண்டிகைகளுக்கும் சேர்த்தே முட்டையைத் தடுத்துவிட்டார்கள். இந்த ஒரு கருத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து வரும் இரண்டு கேள்விகளுக்கும் இதுதான் சாவி.

"ராத்திரி விருந்துக்கு மதியமே மேசை போடட்டுமானு கேட்டா, இருட்டட்டும்னு சொல்றாங்க. விருந்தாளி வந்துடுவாங்களே?"

ரோஷ் ஹஷானா இரண்டு நாள் அல்லவா. முதல் நாள் பகலில் செய்யும் எந்த வேலையும் முதல் நாளுக்கே பயன்பட வேண்டும். இரண்டாம் இரவுக்காகச் சமைப்பது, மேசை போடுவது, பாத்திரம் கழுவுவது எதுவும் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான். அன்றைக்கே மறுபடி தேவைப்படும் தட்டு என்றால் தாராளமாகக் கழுவலாம்.

விளக்கும் அப்படியே. முதல் மாலை, சூரியன் மறைவதற்கு முன்பே ஏற்றிவிடுவார்கள், எருசலேமில் வழக்கம் 40 நிமிடம் முன்பு. இரண்டாம் மாலை நன்றாக இருட்டிய பிறகு, அந்தக் குவளை விளக்கிலிருந்து தீ எடுத்து ஏற்றுவார்கள். அதுவரை வீடு அரையிருட்டில் இருக்கும். சவ்தா சன்னல் ஓரம் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"வெள்ளிக்கிழமை ஹக் வந்தா ஷபாத் சாப்பாட்டுக்கு என்ன வழி? ஒரு அவிச்ச முட்டையைக் காட்டி ஏதோ சொன்னாங்களே?"

நல்ல கேள்வி. மேலே சொன்னபடி ஹக் நாளில் அடுத்த நாளுக்குச் சமைக்கக் கூடாது. ஷபாத்திலோ சமையலே கிடையாது. வீடு பட்டினி கிடக்க முடியாது அல்லவா, அதற்கு ரபிகள் அமைத்த ஏற்பாடுதான் ஏரூவ் தவ்ஷிலின். பண்டிகை தொடங்கும் முன்பே சமைத்த உணவு ஒன்றையும் ரொட்டி ஒன்றையும் எடுத்து, ஆசி சொல்லி, ‘இதைக் கொண்டு ஹக்கிலிருந்து ஷபாத்துக்குச் சமைக்கவும் சுடவும் விளக்கேற்றவும் எங்களுக்கு அனுமதி ஆகட்டும்’ என்ற பொருளில் அரமேய மொழியில் சொல்வார்கள். ஷபாத்துக்கான சமையல் முன்பே தொடங்கிவிட்டது, வெள்ளியன்று அது தொடர்கிறது என்பது கணக்கு. பெரும்பாலும் அவித்த முட்டைதான் வைப்பார்கள், எளிதில் கெடாது. பெசாஹ் வாரத்தில் ரொட்டிக்குப் பதில் புளிக்காத அப்பமான மட்சா.

வியாழனும் வெள்ளியும் ரோஷ் ஹஷானா என்றால் இதைப் புதன்கிழமையே செய்தாக வேண்டும். அந்த முட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் பார்த்தால் எடுத்துச் சாப்பிட்டுவிடாதீர்கள்! ஷபாத் சமையல் முடியும்வரை அது இருந்தாக வேண்டும்.

"அமெரிக்காவுல இருந்து வந்த மகள் ரெண்டு நாள் கொண்டாடுறாங்க, அப்பா ஒரு நாள்தான். ஒரே வீட்டுல ஏன் ரெண்டு கணக்கு?"

பழைய காலத்தில் மாதப் பிறப்பை எருசலேமில் சாட்சிகள் பிறையைக் கண்டு சொன்ன பிறகுதான் அறிவிப்பார்கள். மலை உச்சிகளில் தீ மூட்டி அந்தச் செய்தியை ஊர் ஊராகக் கடத்தினார்கள். சமாரியர்கள் பொய்த் தீ மூட்டிக் குழப்பியதால் தூதர்களை அனுப்பத் தொடங்கினார்கள் என்று மிஷ்னா சொல்கிறது. தூதர் போய்ச் சேர முடியாத தூரத்தில் இருந்தவர்களுக்கு இன்றா நாளையா என்று தெரியாது, இரண்டு நாளும் கொண்டாடினார்கள். பிறகு நாட்காட்டி கணக்கால் நிலைப்படுத்தப்பட்டது. நான்காம் நூற்றாண்டில் வேறொரு தலைவரான இரண்டாம் ஹில்லேல் அதைச் செய்தார் என்பது மரபு. சந்தேகம் தீர்ந்த பிறகும் முன்னோர் வழக்கத்தை விடாதீர்கள் என்று தல்மூத் சொல்லிவிட்டது.

ரோஷ் ஹஷானா மாதத்தின் முதல் தேதியிலேயே வருவதால் எருசலேமிலேயே குழப்பம் இருந்தது. அதனால் அது எங்கும் இரண்டு நாள். வெளிநாட்டில் குடியிருந்து விருந்தாளியாக வரும் மகள், தன் ஊர் வழக்கப்படி இரண்டு நாள் காப்பது பலரும் செய்வதுதான். இரண்டாம் நாள் அப்பா போன் பேசுவார், மகள் தொட மாட்டார். சீர்திருத்த யூதர்களில் பெரும்பாலோர் இரண்டாம் நாளை விட்டுவிட்டார்கள்.

"ரெண்டு நாள் ஹக்குல தாத்தாவைக் குளிப்பாட்டலாமா?"

முகம், கை, கால் வெந்நீரில் கழுவலாம். உடம்பு முழுக்க வெந்நீர்க் குளியல் பொதுவாகக் கூடாது. பண்டிகைச் சலுகை எல்லோருக்கும் சமமாகத் தேவைப்படும் இன்பத்துக்குத்தான். தினமும் குளித்தே தீர வேண்டும் என்பது அந்தக் காலத்தில் எல்லோருக்கும் பொதுவான தேவையாக இல்லை. வாசனைப் புகை போடுவதையும் இதே காரணத்தால் தடுத்தார்கள். ரப்பான் கம்லியேல் அனுமதித்தார், மற்ற அறிஞர்கள் ஒப்பவில்லை. நம் ஊர்ப் பழக்கத்தில் சாம்பிராணி போட வேண்டாம்.

ஆனால் நோயாளிக்கும் படுக்கையை நனைத்துவிட்ட முதியவருக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சுத்தம் செய்யுங்கள். கட்டிச் சோப்புக்குப் பதில் திரவச் சோப்பு வைத்திருப்பார்கள். கழிவறைத் தாளைக் கிழிக்கக் கூடாது என்பதால் துண்டு துண்டாக வந்த தாள் பெட்டியில் இருக்கும்.

"‘இங்கே ரொம்ப இருட்டா இருக்கே’னு சொல்லிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கார். லைட்டைப் போடுனு சொன்னா என்ன?"

இது புதிதாக வந்த எல்லோருக்கும் நடக்கும். தனக்குத் தடுத்த வேலையை யூதரல்லாதவரைச் செய்யச் சொல்வதும் ரபிகளின் தடைக்குள் வருகிறது. மின்விளக்கைப் போடுவதும் அணைப்பதும் கட்டளைகளைக் கடைப்பிடிக்கும் வீடுகளில் ஹக்கிலும் கிடையாது. அதனால் ஏவ மாட்டார், நிலைமையை மட்டும் சொல்வார். அவர் உங்களைச் சோதிக்கவில்லை, தன் சட்டத்தின் ஓரத்தில் நின்று உதவி கேட்கிறார். கொஞ்சம் வெளிச்சம் இருக்கும் அறையில் நீங்களாக இன்னொரு விளக்கைப் போட்டால் அவர் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். முழு இருட்டில் அவருக்காக மட்டும் போட்டால் சிக்கல். உங்கள் வேலைக்காக, பாத்திரம் கழுவவோ துணி மடிக்கவோ போட்டுக்கொண்டால் சிக்கலே இல்லை, அந்த வெளிச்சத்தில் அவரும் உட்காரலாம்.

உடம்பு முடியாதவர் நேராகவே கேட்கலாம், அவருக்காக வீட்டாரும் கேட்கலாம். கடுங்குளிரில் எல்லோரும் நோயாளிக்குச் சமம் என்பதால் ஹீட்டருக்கும் அந்தச் சலுகை உண்டு. நான் ஹக்குக்கு முந்தைய நாளே ஒரு சுற்று வருவேன்: கழிவறை விளக்கு எரிகிறதா, குளிர்சாதனப் பெட்டிக்குள் விளக்கு துண்டிக்கப்பட்டதா, காது கேட்கும் கருவியில் புது பேட்டரி இருக்கிறதா.

"நான் ஆசையா சமைச்சதைத் தொடவே இல்லை. என்னை அசுத்தமா நினைக்கிறாங்களா?"

இல்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். யூதரல்லாதவர் மட்டுமே சமைத்த சில உணவுகளை உண்ணக் கூடாது என்று தனிச் சட்டம் இருக்கிறது, அது ஹக் இல்லாத நாளுக்கும் உண்டு. அஷ்கெனாசி (ஐரோப்பிய மரபு) வீடு என்றால் வீட்டுக்காரர் அடுப்பை ஏற்றினாலே போதும், மீதியை நீங்கள் செய்யலாம். செபார்தி (ஸ்பெயின், கீழைநாட்டு மரபு) வீட்டில் பாத்திரத்தையும் அவர்களே அடுப்பில் வைக்க வேண்டும். முதல் வீட்டில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, ஒரு மாதம் அழுதேன்.

"என் தோழியை ஷபாத் விருந்துக்குக் கூட்டிட்டு வானு சொன்னவங்க, ஹக்குக்கு மட்டும் வேண்டாம்னுட்டாங்க. ஏன்?"

யாத்திராகம வாக்கியத்தில் ‘உங்களுக்கு’ என்று ஒரு சொல் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு, ஹக் நாளில் யூதருக்காகத்தான் சமைக்கலாம், மற்றவருக்கென்று தனியாகச் சமைக்கக் கூடாது என்றார்கள். விருந்தாளியை அழைத்தால் அவருக்காகக் கூடுதலாகச் சமைத்துவிடுவோமோ என்ற பயத்தில் அழைப்பையே தடுத்தார்கள். ஷபாத்தில் எல்லாம் முன்பே சமைத்தது, அந்தப் பயம் இல்லை. அதனால்தான் அன்றைக்கு அழைக்கிறார்கள்.

அழைக்காமல் தானாக வந்து சேர்ந்தவருக்கு இருப்பதைப் பரிமாறலாம். வீட்டில் வேலை பார்ப்பவருக்கு அதே பாத்திரத்தில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுச் சமைக்கலாம். ஆக, உங்கள் சாப்பாட்டுக்குக் குறை வராது. தோழியை இடைநாட்களில் கூட்டிவாருங்கள்.

"இடைநாள்னா? அன்னைக்கும் தாத்தா ஷேவ் பண்ண விடல, வாஷிங் மெஷினையும் போட விடல."

பெசாஹ், சுக்கோத் ஒவ்வொன்றிலும் முதல் நாள் ஹக்குக்கும் கடைசி நாள் ஹக்குக்கும் நடுவே வரும் நாட்கள் ஹோல் ஹமோயெத், பாதிப் பண்டிகை. பஸ் ஓடும், விளக்குப் போடலாம், சமைக்கலாம். செய்யாமல் விட்டால் நஷ்டம் வரும் வேலை, பண்டிகைக்கே தேவையான வேலை, சாப்பாட்டுக்கு வழியில்லாதவரின் கூலிவேலை ஆகியவற்றுக்கு இடம் உண்டு. முடி வெட்டுவதையும் துணி துவைப்பதையும் தடுத்ததற்குக் காரணம் அழகானது: இடைநாளில் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டு, பண்டிகைக்குள் பரட்டைத் தலையும் அழுக்குத் துணியுமாக நுழையக் கூடாது. சின்னக் குழந்தையின் துணிக்கும் கைத்துண்டுக்கும் விலக்கு உண்டு. முதியவரின் அழுக்கான படுக்கைத் துணிக்குக் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.

"யோம் கிப்பூர்ல தாத்தாவுக்கு மாத்திரை கொடுக்கணும், சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிக்கிறார்."

அன்றைக்குச் சமையல் சலுகை கிடையாது, 39-உம் ஷபாத் போலவே. அதற்கு மேல் ஐந்து விலக்கு: உணவும் நீரும், குளிப்பது, எண்ணெய் பூசுவது, தோல் செருப்பு, தாம்பத்தியம். ரப்பர் செருப்புப் போட்டு ஜெபக்கூடத்துக்குப் போவது அதனால்தான்.

ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் எல்லாம் ஒதுங்கும். மருத்துவர் வேண்டாம் என்றாலும், நோயாளி தனக்கு உணவு வேண்டும் என்றால் கொடுக்க வேண்டும், அவர் வலி அவருக்குத்தான் தெரியும் என்று தல்மூத் சொல்கிறது. அவரே மறுக்கிறார் என்றால் முந்தைய வாரமே மருத்துவரையும் ரபியையும் பேச வையுங்கள். பலருக்குச் சிறு சிறு அளவாக, சுமார் ஒன்பது நிமிட இடைவெளியில் கொடுக்கச் சொல்வார்கள். மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே ஆம்புலன்ஸ் எண் 101-க்கு அடியுங்கள். ஷபாத்தா ஹக்கா யோம் கிப்பூரா என்று பார்க்க வேண்டாம், அந்த நிமிடத்தில் போனை எடுப்பது வீட்டுக்காரருக்கே கடமை.

"ஹக் முடிஞ்சுதானு எப்படித் தெரியும்?"

சூரியன் மறைந்தவுடன் முடியாது, மூன்று நட்சத்திரம் தெரிய வேண்டும். பிறகு கிண்ணத்தில் திராட்சரசம் எடுத்து, நாள் முடிவைக் குறிக்கும் ஜெபமான ஹவ்தாலா சொல்வார்கள். ஷபாத் முடிவில் இருக்கும் வாசனைப் பொருளும் பின்னிய மெழுகுவத்தியும் வார நாளில் முடியும் ஹக்குக்கு இராது, திராட்சரசம் மட்டும்தான். சவ்தா அந்தக் கிண்ணத்தைக் கீழே வைக்கும்வரை அவர் போனை எடுத்துக் கையில் கொடுக்காதீர்கள். வைத்த அடுத்த நிமிடம் அவரே கேட்பார், அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் பேச.